நாக்கைத் தூக்கிக் காட்டு

எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தபோது நான் எலும்பும் தோலுமாக இருந்தேன். மாத்திரை ஆரம்பித்ததும் சதை பிடித்தது. பிடித்தது நிற்காமல் ஏறிக்கொண்டே போனது. ஹோட்டல் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள் நான். யூனிஃபார்ம் தைப்பவர், "இனிமே உனக்கு விரிப்புலதான் தைக்கணும்" என்று கிண்டலடித்தார். ஆஸ்பத்திரி நர்ஸோ, எடை கூடியிருப்பதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் "சபாஷ்!" என்பார். எங்களுக்கெல்லாம் எடை ஏறுவது நல்ல செய்தி. அதில் கோளாறு இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

நான் இருப்பது அக்கா வீட்டில். மாத்திரை போடுவதைக் கண்ணால் பார்க்க வீட்டில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது, "நான் இருக்கேன்" என்று தானாக முன்வந்தவள் அவள். நான் வேலை முடிந்து வந்ததும் தண்ணீர் மொண்டு கொடுப்பாள். நான் விழுங்கியதும் டம்ளரை வாங்கிக்கொள்வாள். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

அப்படியிருந்தும் ஒரு பரிசோதனையில் பார்த்தபோது ரத்தத்தில் வைரஸ் ஏறியிருந்தது.

"மாத்திரையை நடுவுல விட்டுட்டீங்களா?" என்றார் டாக்டர்.

"இல்லவே இல்ல டாக்டர். அக்காவைக் கேளுங்க."

அக்கா கைப்பையின் பட்டையைத் திருகினாள். "நான் தண்ணிதான் கொடுப்பேன் டாக்டர். முழுங்குறாளா, வாயில ஒதுக்கிக்கிறாளான்னு எனக்கென்ன தெரியும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டேன், "ஏன்க்கா அப்படிச் சொன்ன?"

"ரத்தம் பொய் சொல்லுமாடி? உனக்கு ஏதாச்சும் ஆனா என் தலையிலதானே விடியும்?"

அன்றிலிருந்து மாத்திரை டப்பா அவளுடைய பீரோவுக்குள் போனது. நான் விழுங்கியதும், "நாக்கைத் தூக்கிக் காட்டு" என்பாள். அத்தான் பேப்பரைத் தாழ்த்திவிட்டு வேடிக்கை பார்ப்பார். அவமானத்தில் உடம்பு கூசும். போக வேறு வீடு இல்லாததால் காட்டினேன்.

அடுத்த பரிசோதனையிலும் வைரஸ் குறையவில்லை. "வெளியே போய்த் துப்புறியா?" என்றாள் அக்கா. அவள் கண்ணால் பார்த்ததைவிட ஆஸ்பத்திரிக் காகிதம் அவளுக்குப் பெரிதாகிவிட்டது. வைரஸ்மீதுகூட எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

கடைசியில் டாக்டர், தினமும் ஆஸ்பத்திரிக்கே வந்து நர்ஸ் முன்னால் மாத்திரை போடச் சொன்னார். சில வாரம் கழித்து, ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தார்கள். நர்ஸ் பார்க்க விழுங்கியும் அளவு குறைவாகவே இருந்தது.

"உங்களைத் தப்பா நினைச்சுட்டோம், மன்னிச்சிடுங்க" என்றார் டாக்டர். "உடம்பு ரொம்பக் கூடினா சிலருக்குச் சில மருந்து ரத்தத்துல போதுமான அளவு இருக்காது. உங்களுக்கும் அதுதான் காரணம்னு தோணுது. வேற மருந்து தர்றேன்."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் அப்பவே சொன்னேனே டாக்டர், இவ ஒழுங்காப் போடுறவதான்னு!"

அவள் முகத்தையே பார்த்தேன். கொஞ்சமும் கூச்சமில்லை. சொன்னதாகவே நம்பிவிட்டாள் போலிருக்கிறது. வந்த அழுகை அப்படியே நின்றுவிட்டது.

"புது மருந்தையும் அக்காவே பார்த்துக்கட்டுமா?" என்று கேட்டார் டாக்டர்.

"வேண்டாம் டாக்டர். காலையில வேலைக்குப் போறப்போ இங்கயே வந்து போட்டுக்கிறேன்."

அக்காவின் முகம் சிவந்தது. "அப்போ நான் உனக்கு யாருடி?"

"அக்காதான். அதை நம்பித்தான் அன்னிக்கு உன்னைக் கேக்கச் சொன்னேன்."