வாஸ்நெட் என்ற பெயரின் பூர்வீகம்

1951 ஜூலை 10ஆம் தேதி மாலை, இஸ்ரேலின் ஹைஃபாவில் கார்மல் மலைமேல் இருந்த ஜெர்மானிய யூதர் சங்கக் கூடத்தில், டாக்டர் ஸீக்பெர்ட் வாஸ்நெட் தம் குடும்பப் பெயரைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார்.

கோட்டுப் போட்டிருந்தார். கேட்க வந்தவர்களும் அப்படியே. ஜெர்மனியை விட்டு வந்து எத்தனை வருஷமானாலும், வெயிலுக்குப் பயந்து கோட்டைக் கழற்றுகிற ஜனங்கள் இல்லை அவர்கள்.

கடைசி வரிசையில் மகன் யோராம். ராணுவத்தில் பதவி உயர்வு வரவிருந்தது. எபிரேயப் பெயராக மாற்றிக்கொள் என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

"உங்க பேச்சக் கேக்கறேன்பா," என்று காலையில் சொல்லியிருந்தான். "காப்பாத்த வேண்டிய பேருன்னு பட்டா வச்சுக்கறேன். இல்லேன்னா நாளைக்கே மாத்திடுவேன்."

ஸீக்பெர்ட்டுக்கு வேறு பிள்ளை இல்லை. பெர்லின் தொலைபேசிப் புத்தகத்தில் இருந்த ஒரே வாஸ்நெட் அவர்தான், ஹைஃபாவிலும் அவர்தான். இவ்வளவு அபூர்வமான பெயர் சாமானியர்களுடையதாக இருக்க முடியாது என்பது அவர் முடிவு. ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட அரண்மனை வைத்தியர் ஒருவர் கொண்டுவந்த பெயர் என்று நிறுவினார். ஆதாரம் கிடைக்காத இடங்களில் குரலை உயர்த்தினார்.

முன்வரிசையில் ரெகா ஷ்டைனெக் என்ற விதவை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"இதுல சிரிக்க என்னம்மா இருக்கு?"

"மன்னிக்கணும் டாக்டர். நீங்க பெர்லின்காரரு, காதுல விழுந்திருக்காது. எங்க ஹெஸ்ஸன் பக்கம் மாட்டுச் சந்தையில 'வாஸ் நெட்'னா 'தெரியலீங்க'ன்னு அர்த்தம்."

ரெகா கைக்குட்டையை மடித்து வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"யூதருங்க குடும்பப் பேர் வச்சே ஆகணும்னு சட்டம் வந்துச்சே, அப்ப அதிகாரி 'உன் குடும்பப் பேர் என்ன?'ன்னு கேட்டிருப்பான். அதுவரைக்கும் நமக்கு அப்பன் பேருதானே? உங்க முப்பாட்டன் உள்ளதச் சொல்லியிருப்பாரு. அவன் அப்படியே எழுதிட்டான்."

"வெறும் ஊகம்! அப்படின்னா இது ஏன் இவ்வளவு அபூர்வமா இருக்கு?"

"மத்தவங்கல்லாம் வாய்க்கு வந்த ஏதோ ஒரு பேரச் சொல்லித் தப்பிச்சுட்டாங்க டாக்டர்."

கோட்டுப் பொத்தான்கள் தெறிக்கிற மாதிரி கூடம் சிரித்தது. ஸீக்பெர்ட் கடைசி வரிசையைப் பார்த்தார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவன் யோராம்.

வீட்டுக்கு நடக்கும்போது, "சரி, மாத்திக்கோ," என்றார்.

"எதுக்குப்பா மாத்தணும்? இந்த நாட்டுல எல்லாருமே எல்லாம் தெரிஞ்சவங்க. தெரியாதுன்னு பேர்லயே ஒத்துக்கறவன் நான் ஒருத்தனாவது இருந்துட்டுப் போறேன்."

"பதவி உயர்வு?"

"வாஸ் நெட்."

ஸீக்பெர்ட் அன்றிரவு சாப்பிடவில்லை.

செப்டம்பரில் அவர் தம் பெயரை யோதேயா என்று சட்டப்படி மாற்றிக்கொண்டார். எபிரேயத்தில் அதற்கு 'அறிந்தவன்' என்று பொருள். யோராம் வாஸ்நெட்டாகவே இருந்தான். பதவி உயர்வு ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று.