நெருப்புக்கோழியின் இடப்பெயர்வு

உயிரியல் பூங்காவின் மக்கள் தொடர்பு அதிகாரிக்கு அன்று காலை முதல் வேலை, இயக்குநரின் அறிக்கையில் அர்த்தம் எங்கே இருக்கிறது என்று தேடுவது. "பறவையினம் ஒன்றின் தற்காலிக இடப்பெயர்வு" என்று எழுதியிருந்தார்.

"சார், நெருப்புக்கோழி ஓடிப்போச்சுன்னே எழுதிடலாமே?" என்றாள் அவள்.

"ஓடிப்போச்சுன்னா பழி நம்ம தலையில விழும்மா. இடம்பெயர்ந்துச்சுன்னா அது கோழியோட சொந்த முடிவு."

அந்தக் கோழி சிக்னலில் சிவப்பு விளக்குக்கு நின்ற வீடியோவை ஊரே பார்த்தாகிவிட்டது. பாதிப் பேர் அதன் ஒழுக்கத்தைப் பாராட்டியிருந்தார்கள்.

வராந்தாவில் பராமரிப்பாளர் அவளை ஓரமாக அழைத்தார். "மேடம், நேத்து சாயங்காலம் சார்தான் மச்சானைக் கூட்டிட்டுப் போட்டோ எடுக்க உள்ள போனாரு. வெளிய வந்தப்போ தாழ்ப்பாள் போடல. இப்போ 'யாரோ மர்ம நபர்'னு சொல்லப் போறாராம். அந்த மர்ம நபர் நான்தான்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு."

அவள் திரும்பிப் போய் இயக்குநரிடம் சொன்னாள்: "என்ன நடந்தது, ஜனங்க என்ன செய்யணும், நாம என்ன செய்றோம். இவ்வளவு போதும் சார். தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லுங்க. தெரிஞ்சதை மட்டும் மாத்திடாதீங்க." அவர் தலையாட்டினார். மின்விசிறி ஆடுவதுபோல எல்லாப் பக்கமும் ஆட்டினார்.

பத்திரிகையாளர் சந்திப்பைப் பூங்கா உருவான வரலாற்றிலிருந்து தொடங்கினார். அடிக்கல் நாட்டி முடிப்பதற்குள் முன்வரிசையில் இருந்த நிருபர் கொட்டாவியை மென்று விழுங்கி, "ஐயா, கோழி எங்கே?" என்றார்.

"பறவை முழுமையாக எங்கள் கட்டுப்பாட்டில் உள்ளது."

அதே நேரம் மேடையோரம் நின்றிருந்த அவளுடைய போன் அதிர்ந்தது. தங்கை.

"அக்கா, உங்க கோழி எங்க அபார்ட்மென்ட் வாசல்ல நிக்குது. வாட்ச்மேன் ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாரு. எங்க வீட்டுக்காரரு கார் மேல ஏறி உட்கார்ந்திருக்காரு. நான் என்ன பண்ண?"

"கேட்டைச் சாத்திட்டு நீ உள்ள போ. ஆள் வருது."

பக்கத்தில் நின்ற பராமரிப்பாளரிடம் இடத்தைச் சொன்னாள்; அவர் வேனை எடுக்க ஓடினார். கண்ணை மறைத்தால் அடங்கிவிடும் என்று, கோழியின் தலையில் மாட்ட ஒரு நீளக் காலுறையையும் மறக்காமல் எடுத்துக்கொண்டார். அவள் மேடையேறி மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"நெருப்புக்கோழி நேத்து சாயங்காலம் ஓடிப்போச்சு. கதவு திறந்து கிடந்தது, தப்பு எங்களோடது. இப்போ இருக்கிற இடம் தெரிஞ்சுடுச்சு, பிடிக்க ஆள் போயாச்சு. வழியில பார்த்தா கிட்ட போகாதீங்க, செல்ஃபி எடுக்காதீங்க. அது உதைச்சா எலும்பு உடையும்."

பேனாக்கள் முதல்முறையாக அசைந்தன.

"கதவைத் திறந்துவிட்டது யாரு?" என்றார் நிருபர்.

அவள் இயக்குநரைப் பார்த்தாள். "அதை சார் சொல்வாரு," என்று மைக்கை அவரிடம் தள்ளினாள்.

அவர் மேசை மேலிருந்த தண்ணீரைக் குடித்தார். எல்லாக் கேமராக்களும் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தன.

"நான்தான். மச்சான் போட்டோ எடுக்கணும்னான்."

அரங்கம் சிரித்தது. அது கேலிச் சிரிப்பில்லை. எல்லார் வீட்டிலும் ஒரு மச்சான் இருக்கிறான்.

மதியத்துக்குள் கோழி கூண்டுக்குத் திரும்பியது. தங்கையின் கணவரைக் கார் மேலிருந்து இறக்கத்தான் அதைவிட நேரமானது. மாலைச் செய்திகளில் இயக்குநரின் நேர்மைக்கு ஒரே பாராட்டு. இரண்டு நாள் அவளிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர், மூன்றாம் நாள் அது தன்னுடைய உத்திதான் என்று நம்பத் தொடங்கிவிட்டார்.

இப்போது வேறு அலுவலகங்கள் அவரைப் பேசக் கூப்பிடுகின்றன. தலைப்பு: சுருக்கமாகவும் உண்மையாகவும் பேசுவது எப்படி. உரையை எழுதிக் கொடுப்பது அவள்தான். முதல் உரையை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தாள்.

படித்துவிட்டு அவர் முகம் சுளித்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னும் ஒரு இருபது பக்கம் வேணும்மா."