ஒரு லட்சம் கிலோமீட்டர் சர்வீஸ்

அண்ணனிடமிருந்து வாங்கிய காரை வாசலில் நிறுத்திய அன்றே, அதன் கையேட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டாள் தங்கை. பதினாறு வருஷமாக அவளுக்கு லிஃப்ட் பராமரிக்கிற வேலை. எதுவும் அறுந்து விழுவதற்கு முன்பே தேதி குறித்து மாற்றிவிடுவது அவள் உடம்பில் ஊறிப்போன பழக்கம்.

கார் தொண்ணூற்றெட்டாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒரு லட்சத்தில் செய்யவேண்டியவற்றை ஒரு தாளில் எழுதினாள்: டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கூலன்ட், கியர் ஆயில், பிரேக் ஆயில். மகளுக்குப் புதன், வியாழன் பள்ளி இல்லை. அந்த இரண்டு நாள் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நிற்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்த அண்ணன் கண்ணில் அந்தத் தாள்தான் முதலில் பட்டது.

"பெல்ட் மாத்தியாச்சுன்னு சொன்னேனே. காது கேக்கலையா?"

"பில் இருந்தா காட்டு, அந்த வரியை அடிச்சுடறேன்."

"கூடப் பொறந்தவன்கிட்ட பில் கேக்குற நீ?"

"விடேன், மச்சான்தான் சொல்றார் இல்ல" என்றான் கணவன், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எங்க விடப்போற?" என்றான் அண்ணன்.

"எங்க ஆபீஸ் பின்தெருவுல ஒரு பெரியவர் ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரே, அங்க."

அண்ணன் முகம் ஒரு மாதிரி ஆனது. "அந்தாளா? பகல் கொள்ளைக்காரன்! சாவியைக் குடு, என் ஆள்கிட்ட நானே விடறேன்."

"என் வண்டி. நான் பாத்துக்கறேன்."

"லிஃப்ட் கதவைத் துடைக்கிறவளுக்கு இன்ஜினைப் பத்தி என்னடி தெரியும்?" காப்பியைத் தொடாமல் எழுந்து போனான். மறுநாள் காலையே அண்ணி போன் செய்து, சந்தேகப் பிராணி என்று திட்டித் தீர்த்தாள்.

புதன்கிழமை வண்டியை உள்ளே விட்டதும், மெக்கானிக் நம்பர் பிளேட்டைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இதுவா? நாலு மாசம் முன்னாடி இங்க வந்துச்சேம்மா. பெல்ட்ல வெடிப்பு விட்டிருக்கு, உடனே மாத்துங்கன்னேன். என்கூட மல்லுக்கு நின்னுட்டு எடுத்துட்டுப் போனாரே ஒருத்தர்."

மூடியைக் கழற்றி டார்ச் அடித்தார். பெல்ட்டின் ஓரம் நார் நாராகப் பிரிந்திருந்தது. உள்பக்கத்துப் பற்களில் இரண்டைக் காணோம்.

"ஓடும்போது அறுந்தா இன்ஜின் அங்கயே காலி. நடுரோட்டுல நின்னுடும். பின்னாடி லாரி வந்தா என்ன பண்ணுவீங்க?"

போன வாரம் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் அவள் தொண்ணூறில் போயிருந்தாள். அண்ணனுக்குப் போன் போட்டு, "இப்பவே வா" என்றாள்.

வந்தவன் மெக்கானிக்கைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றான். வாய் மட்டும் நிற்கவில்லை.

"பழைய வண்டின்னா நாலு இருக்கத்தான் செய்யும். தெரிஞ்சுதானே வாங்கின?"

"மாத்தியாச்சுன்னு பொய் சொன்னியே. என் பொண்ணு இதுலதான் வருவான்னு தெரியுமா தெரியாதா?"

"இப்ப என்ன ஆயிடுச்சு? நல்லாத்தானே இருக்கா?"

அவள் கை தன்னையறியாமல் அடிக்க உயர்ந்தது. அடக்கிக்கொண்டு அவன் முன்னால் நீட்டினாள். "அவசரத்துக்குன்னு ஒரு சாவியை வச்சுக்கிட்டியே, அதை எடு."

அவன் விட்டெறிந்த சாவி பானட்டில் பட்டு, கழிவு ஆயில் தட்டில் போய் விழுந்தது. "இனிமே என் வாசப்படி மிதிக்காதே" என்று கத்திவிட்டுப் போனான். மெக்கானிக் சாவியை எடுத்து, பழந்துணியால் துடைத்து, அவளிடம் நீட்டினார்.

அவள் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது. "மச்சானை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்டியாம். உனக்கு மூத்தவர் இல்லையா, ஒரு மன்னிப்புக் கேட்டுடேன்" என்றான் கணவன்.

பையிலிருந்து பழைய பெல்ட்டை எடுத்து அவன் மடியில் போட்டாள். "கையில புடிச்சுப் பாருங்க. அப்புறம் சொல்லுங்க, யார் யார்கிட்ட கேக்கணும்னு."

அவன் அதை லேசாக வளைத்தான். இன்னொரு பல் உதிர்ந்து தரையில் விழுந்தது. உள்ளறையில் மகள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். அவன் டிவியை அணைத்தான். அதன்பிறகு மன்னிப்பு என்ற பேச்சை அவன் எடுக்கவில்லை. அவளும் அண்ணன் வீட்டுப் பக்கம் போகவில்லை.