எடை போடும் நாள்

எடை குறைந்த பிள்ளை இருக்கிற வீட்டுக்குத் தோட்டத்தில் ஒரு பாத்தி. பிள்ளை தேறியதும் அந்தப் பாத்தி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கிடந்த தரிசை எல்லாரும் சேர்ந்து கொத்தி முடித்த அன்று இந்தச் சட்டத்தைப் போட்டவள் நான்தான். சத்துணவு வகுப்பு எடுக்கிற டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கைதட்டினார்கள்.

தையல்காரியின் பாத்தியில் கீரை காடாய் மண்டிக் கிடந்தது. அவளுடைய கடைக்குட்டி மட்டும் குச்சியாகவே இருந்தாள். மாசாமாசம் ஏற்றி இறக்கியும் தராசு முள் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. இன்று எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இவ்வளவு கீரையும் எங்கேம்மா போகுது? வீட்டுல ஆடா வளக்கறே?"

"பெரியவனும் நடுவுலவளும் சாப்பிடறாங்க, டீச்சர். அவங்க அப்பாவும்."

"இவளுக்கு?"

அவள் தரையைப் பார்த்தாள். "இவ தேறிட்டா பாத்தியைப் பிடுங்கிடுவீங்களே. அப்புறம் நாலு வயித்துக்கு நான் எங்கே போவேன்?"

வாய்க்கு வந்தபடி திட்டினேன். பெத்தவளா நீ என்றுகூடக் கேட்டேன். குழந்தையை நானே தூக்கித் தராசில் நிறுத்தினேன். சின்னவள் என் முகத்தையே பார்த்தபடி, மூச்சைப் பிடித்து வயிற்றை உள்ளே எக்கிக்கொண்டாள்.

"ஏறலையே, டீச்சர்?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

அடுத்தது யார் என்று திரும்பினேன். பாத்திக்குக் காத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். அத்தனை பேரும் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்கள்.