பிரேக்கில் ஒரு குறையும் இல்லை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் யாரும் சாப்பிடுவதில்லை. அதில் விமானம் ஓடுகிறது. கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற விளையாட்டுக்காக என் நாத்தனார் இரண்டு பெரிய திரைகளை அதன்மேல் நிறுத்தி, விளிம்பில் விமானக் கைப்பிடி ஒன்றை முறுக்கி இறுக்கி, கீழே ஒரு பலகையில் இரண்டு பெடல்களைத் திருகி வைத்திருக்கிறாள். நாங்கள் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். பல் டாக்டரிடம் சாயங்கால வேளையில் டோக்கன் கொடுக்கிறவளுக்கு விமானம் எதற்கு என்று நூறு தடவை கேட்டாயிற்று. தங்கையை ஒரு வார்த்தை சொல்ல என் கணவருக்கு வாய் வராது. என்னைச் சொல்ல மட்டும் நன்றாக வரும்.

அந்த நாட்களில் எனக்கு எல்லோர் மேலும் கோபம். நான் டவுன் பஸ் ஓட்டுகிறவள். பத்தொன்பது வருடம். டிப்போவில் எனக்கு ஸ்டாப்பிங் அக்கா என்று பெயர். ஒரே ஒரு ஆள் நின்றாலும் நிறுத்துவேன். கூட்டத்தைப் பார்த்ததும் கண்டும் காணாததுபோலப் பறக்கிற டிரைவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட என்னையே வேலைக்கு வரவேண்டாம் என்று வீட்டில் உட்கார வைத்திருந்தார்கள்.

நடந்தது இதுதான். மழை விட்டிருந்த ஒரு காலை. சரிவில் இறங்கியதும் ஒரு நிறுத்தம். பிரேக்கை மிதித்தேன். வண்டி நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நடைபாதையில் ஏறி ஒரு கம்பத்தில் மோதி நின்றது. இறங்குவதற்காக எழுந்து நின்ற தையல்காரம்மா ஒருத்தி விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்துபோனது. பிரேக் பிடிக்கவில்லை என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன். மோதியதில் முன்பக்கத்து பிரேக் குழாய்கள் எல்லாம் பிய்ந்துவிட்டன. அதற்குமுன் பிரேக் எப்படி இருந்தது என்று யாரும் சோதித்துப் பார்க்க வழியில்லை. ஒன்று என் பேச்சை நம்ப வேண்டும், இல்லாவிட்டால் முந்தின நாள் பிரேக் வேலை பார்த்த மெக்கானிக்கின் பேச்சை நம்ப வேண்டும். அவன் ஒப்பந்த ஆள். அவனையும் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். எழுதிக் கொடுத்தது உண்மைதான் என்று விசாரணையில் நான் கையெழுத்துப் போட்டால் அவன் வேலை போய்விடும், நான் மறுநாளே வண்டி ஏறலாம்.

அவன் ஒரு நாள் போன் செய்தான். பிரேக் லைனிங் எல்லாம் புதிது, தானே ஓட்டியும் பார்த்தேன், நீங்களே இப்படி எழுதலாமா அக்கா என்று கேட்டான். சரிவில் வண்டியை ஓட்டியது நானா நீயா என்று கத்திவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகும் ஆத்திரம் அடங்கவில்லை. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

அதைப் பார்த்துத்தான் நாத்தனார் கூப்பிட்டாள். சும்மா உட்கார்ந்து பல்லைக் கடிப்பதற்கு இதையாவது ஓட்டிப் பாருங்கள், பல் போனால் எங்கள் டாக்டரிடம்தான் வரவேண்டும் என்றாள். இவ்வளவு நீள பஸ்ஸைச் சந்துக்குள் திருப்புகிறவளுக்கு இந்தப் பொம்மை எம்மாத்திரம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதல் நாள் மானம் போனது. மேலே ஏற்றுவது ஒன்றும் பெரிய காரியமில்லை. இறக்குவதுதான் உயிரை எடுத்தது. சக்கரம் தரையைத் தொட்டதும் என் கை தானாகக் கைப்பிடியை ஸ்டியரிங்போலத் திருப்பும். தரையில் அதற்கு வேலையே இல்லையாம். காலால் பெடலை அழுத்தித்தான் திருப்ப வேண்டுமாம். பெடலின் நுனியை அழுத்தினால் பிரேக்காம். பத்தொன்பது வருடக் கையும் காலும் இதைக் கேட்குமா? நான் இடதுபக்கம் திருப்பத் திருப்ப விமானம் வலதுபக்கப் புல்வெளியில் மேயப் போனது. அவள் சிரிக்காமல் இருப்பதற்காக உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். சிரித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

விடுவேனா? என் கணவர் அச்சகத்து வேலைக்குக் கிளம்பியதும் மேஜையில் உட்கார்ந்துவிடுவேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்தது. நான்கைந்து நாளில் காலும் கையும் வழிக்கு வந்தன. ரன்வேயின் நடுக்கோட்டைப் பிடித்து நேராக வரவும் கற்றுக்கொண்டேன். ஆனால் நிற்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ரன்வே முடிந்து, புல் முடிந்து, வேலிக்குள் மூக்கை நுழைத்துத்தான் விமானம் நின்றது. அறுபத்தைந்து வேகத்தில் வரவேண்டும் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னாள். அவ்வளவு மெதுவாக வந்தால் விழுந்துவிடுவோம் என்று எனக்குப் பயம். பயம் என்று அவளிடம் சொல்வேனா? தொண்ணூறில் வந்தேன். அந்த வேகத்தில் சக்கரம் தரையில் உட்காருவேனா என்றது. விமானம் ரன்வேக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் மிதந்துகொண்டே போய், பாதி ரன்வே கழிந்த பிறகுதான் இறங்கும். அதற்குப் பிறகு இரண்டு காலாலும் பிரேக்கை மிதிப்பேன். வேலி வரும்.

விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தபோது, எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ வேலிக்குள் போய் நின்றதும், கைப்பிடியை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன்.

"பிரேக்கே புடிக்க மாட்டேங்குது. என்னத்த வாங்கி வச்சிருக்க?"

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். நான் ஓட்டியது திரையில் முதலிலிருந்து வந்தது. வெளியே நின்று பார்ப்பதுபோல என் விமானத்தை நானே பார்த்தேன். தொண்ணூற்றிரண்டு. எண்பத்தெட்டு. மிதக்கிறது. ரன்வேயின் பாதி ஓடிவிட்டது. சக்கரம் தொடுகிறது, பிரேக் பிடிக்கிறது, சக்கரத்திலிருந்து புகைகூடக் கிளம்புகிறது. பிறகு வேலி.

"பிரேக்ல ஒரு குறையும் இல்ல அண்ணி. வேகந்தான்" என்றாள். "வேகமா வந்துட்டா இறங்கக் கூடாது. அப்படியே மேல தூக்கிட்டு, ஒரு சுத்து சுத்தி மறுபடி வரணும். பெரிய பெரிய பைலட்டெல்லாம் பண்றதுதான்."

"வந்த எடத்த விட்டுட்டுப் போறதா? கீழ நிக்கிறவங்க என்ன நெனப்பாங்க?"

"கீழ யாரும் நிக்கலையே அண்ணி."

அவள் கேலியாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. வேலையத்தவள், பொம்மை விளையாடுகிறவள், எனக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டாள் என்று வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. பிரேக் பிடிக்கவில்லை என்று டிப்போவில் எழுதிக் கொடுத்தபோது இருந்த அதே ஆத்திரம்தான் இது என்று எனக்குத் தெரிந்தது. அந்தக் காலையில் ஏழு நிமிடம் பின்தங்கியிருந்தேன். சரிவில் வண்டியை ஓடவிட்டேன். கீழே கூட்டம் நிற்பது கண்ணில் பட்டபோது நெருங்கிவிட்டிருந்தேன். தாண்டிப் போய் அடுத்த நிறுத்தத்தில் நிறுத்தியிருக்கலாம். கையைக் காட்டிக்கொண்டு ஓடி வருவார்கள், திட்டுவார்கள், அவ்வளவுதான். ஸ்டாப்பிங் அக்கா தாண்டிப் போவாளா? மொத்த பலத்தோடு மிதித்தேன். சக்கரம் இறுகி ஈரத்தில் சறுக்கியது. தையல்காரம்மா அலறியது எனக்குக் கேட்டது. கம்பத்தில் மோதிய சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. பிரேக் பிடிக்காத வண்டியில், மோதுவதற்கு முன்னாலேயே ஒருத்தி எதற்கு முன்பக்கமாகப் போய் விழுவாள்?

இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்காகத்தான் ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன். என்மேல் எனக்கு வந்த வெறுப்பை வைக்க அந்தச் சமையலறையில் இடமில்லை.

என் கணவர் வந்ததும் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வா என்றார். யாரோ ஒருவனுக்காக உன் வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றார். அவர்மேலும் நான் கோபப்பட்டிருக்கலாம். ஆனால் பதினைந்து நாளாக நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன்.

மறுநாள் காலை நாத்தனாரிடம் எதுவும் பேசாமல் மேஜையில் உட்கார்ந்தேன். எண்பத்தைந்தில் வந்தேன். மிதந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சினை முழுக்கத் திறந்து, மூக்கைத் தூக்கி, ரன்வேயை விட்டுவிட்டு மேலே போனேன். சுற்றி வந்து இரண்டாவது தடவையும் விட்டேன். மூன்றாவது தடவை அறுபத்தைந்தில் வந்தேன். சக்கரம் உட்கார்ந்தது. ரன்வே முடிய இன்னும் எவ்வளவோ இருக்கும்போதே விமானம் நின்றுவிட்டது. அவள் கை தட்டினாள். எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. இவ்வளவுதானா என்று அழுகைதான் வந்தது.

விசாரணை அறையில் டிப்போ மேனேஜரும் தட்டச்சு செய்கிற அம்மாவும் இருந்தார்கள். மெக்கானிக் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். சவரம் செய்து பல நாள் ஆகியிருக்கும். மேனேஜர் காகிதத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். எல்லாம் தயாராக அடித்து வைத்திருந்தார்கள். கீழே என் பெயர்கூட அச்சாகியிருந்தது.

"வண்டி நல்லாத்தான் பிரேக் புடிச்சுது சார். நான்தான் வேகமா வந்தேன். மொதல்ல எழுதிக் குடுத்தது பொய்."

தட்டச்சு சத்தம் நின்றது. மேனேஜர் அந்த அம்மாவை வெளியே போகச் சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, உங்கள் நல்லதுக்குத்தான் இதை இப்படி எழுதியிருக்கிறது, யோசித்துப் பேசுங்கள் என்றார். ஒப்பந்த ஆளுக்கு வேறு இடத்தில் வேலை கிடைக்கும் என்றார். அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். அவனை வைத்துக்கொண்டே இதைச் சொல்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது. அந்தக் கொதிப்பில்தான் மீதியையும் சொன்னேன். ஏழு நிமிடம், சரிவு, கூட்டம், அலறல். எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இனி ஸ்டியரிங்கைத் தொட முடியாது, மேலிடத்திலிருந்து பதில் வரும்வரை வீட்டில் இருங்கள் என்றார் மேனேஜர்.

வெளியே வந்ததும் மெக்கானிக் நன்றி சொல்வான் என்று ஒரு ஓரத்தில் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. வெட்கக்கேடு.

"பதினேழு நாள் அக்கா" என்றான். "அந்தத் தையக்காரம்மா எங்க தெரு. தெனமும் கட்டுப் போட்ட கையோட எங்க வீட்டத் தாண்டித்தான் போவாங்க. நான் ஒழுங்கா பாக்காம விட்டுட்டேன்னு தெருவே பேசுது. என் பொண்டாட்டி எங்கிட்ட பேசி பதினேழு நாளாச்சு. தட்ட வைப்பா, போயிருவா."

நாளைக்கு வீட்டுக்கு வந்து நானே சொல்கிறேன் என்றேன்.

"நாளைக்கு இல்ல. இப்ப வாங்க."

முன்னால் நடந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனேன். அவன் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அதையும் அவன் செய்யவில்லை. இரண்டு தெரு தாண்டி ஒரு மாடிப்படி. கதவைத் தட்டிவிட்டு ஒதுங்கி நின்றான். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே அவன் மனைவி திறந்தாள்.

நான் யார் என்று சொன்னேன். பொய் சொன்னது நான் என்றேன். உன் வீட்டுக்காரர் பார்த்த வேலையில் ஒரு குறையும் இல்லை, தையல்காரம்மாவின் கை முறிந்தது என்னால்தான் என்றேன். மேனேஜர் முன்னால் வந்த குரல் இங்கே வரவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் படியில் நின்றவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

அவன் என்னைத் தாண்டி உள்ளே போனான்.