முழங்கால் நேர்த்தி

அன்று காலைச் செபம் முடிந்ததும் சிறில் வழக்கம்போல வலது கையை நீட்டினார். முழங்காலில் இருந்தபடியே தெரேசா அந்தக் கையைப் பிடித்தாள். மற்றக் கையால் கதிரையின் விளிம்பைப் பற்றி, "ஐயோ அந்தோனியாரே" என்று முனகிக்கொண்டு எழும்பினாள்.

"தூக்குறது நானு. கூப்புடுறது அவரயா?" என்றார் சிறில்.

"அவருக்குத்தான் இடுப்பு நல்லா இருக்கு. ஒங்களுக்கு எங்க இருக்கு?"

"ஒன்னையத் தெனமும் தூக்குறேன்ல, எனக்கு வேற எக்சசைஸே வேணாம்."

அதன்பிறகு அவர் தேத்தண்ணீர் குடித்தார், சப்பாத்தைத் துடைத்தார், நாவுலயில் இருந்த கூட்டாளியைப் பார்த்துவிட்டுப் பூசணிக்காயும் போஞ்சியும் வாங்கி வருவதாகச் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போனார். அலுவிகாரைச் சந்தியில் பஸ் ஏறியதைப் பக்கத்துக் கடைக்காரர் கண்டிருக்கிறார். பஸ்ஸில் அவருக்கு யன்னல் ஓரம் இடம் கிடைத்தது. தலையைச் சாய்த்தவர் சாய்த்தபடியே இருந்தார். தூங்குகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நாவுலயில் சனம் இறங்கி முடிந்தபிறகுதான் கண்டக்டர் தோளைத் தொட்டுப் பார்த்தார்.

அடக்கத்தன்று பெட்டி மூடுமுன் தெரேசா முழங்காலில் விழுந்தாள். செபம் சொல்லி முடிந்தது. அவளால் எழும்ப முடியவில்லை. கையை ஊன்றினாள், இடுப்புக்குள் கத்தி இறங்கியதுபோல் இருந்தது. கை நீட்ட ஆளில்லை. கடைசியில் நான்கு ஆண்கள் வந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள். சேலை விலகியது. பின்னால் எவனோ ஒருவன், "செத்தவர விட இவங்க பாரம்டா" என்றான். சொன்னவனுக்கு அது அவள் காதில் விழும் என்று தெரிந்திருக்காது. அழுகை அப்படியே நின்றுபோனது. புருசனைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருக்கும்போது அவள் சேலைக்கரையை இழுத்து மூடுவதிலேயே குறியாக நின்றாள்.

சிறிலின் அக்கா பிலோமினா உக்குவளையில் தனியாக இருந்தவள், கல்யாணம் கட்டாதவள். பிள்ளை இல்லாத வீட்டில் தம்பி பெண்சாதி தனியே கிடக்கக்கூடாது என்று, உடுப்புப் பையோடும் ஒரு மாதா சுரூபத்தோடும் துணைக்கு வந்து சேர்ந்தாள். வருஷப் பூசை முடியும்வரை இருப்பதாகச் சொன்னாள். அந்த வருஷத்துக்குரிய முறைகளை எல்லாம் அவள்தான் கவனித்தாள்: கறுப்புச் சேலை, கல்யாண வீடு இல்லை, டீவி இல்லை, பொழுது சாய்ந்ததும் செபமாலை. செபமாலைக்குப் பிலோமினா முழங்காலில் நிற்பாள். அவளுக்கே கால் நரம்பெல்லாம் புடைத்து வீங்கியிருக்கும். தெரேசா கதிரையில் இருப்பாள்.

"நீ இரு புள்ள. ஒனக்கும் சேத்து நான் நிக்கிறேன்," என்பாள் பிலோமினா.

இடுப்பு வலி கூடிக்கொண்டே போய், குனிந்து அடுப்பைப் பார்க்க முடியாத நிலை வந்தபோது தெரேசா கிளினிக்குக்குப் போனாள். அங்கே பயிற்சி கொடுக்கும் மிஸ்ஸி எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எலும்பில் பிழையில்லை, வயிற்றிலும் முதுகிலும் தசைக்குத்தான் பலமில்லை என்றார். "டவுன்ல ஒரு தங்கச்சி பிலாட்டீஸ்னு ஒரு எக்சசைஸ் சொல்லிக் குடுக்குது. பொம்பளைகளுக்கு மட்டுந்தான். போய்ப் பாருங்க," என்று விலாசமும் தந்தார்.

திருகோணமலை வீதியில், நளீம் நானாவின் தையற்கடைக்கு மேல் மாடியில் அந்த அறை இருந்தது. கீழே தையல் மெஷின்கள் இரையும். மேலே றப்பர் பாய்கள் விரித்திருக்கும். ஊதா, மஞ்சள், கிளிப்பச்சை. கறுப்புச் சேலையோடு வாசலில் நின்ற தெரேசாவைப் பார்த்து, சொல்லிக்கொடுக்கும் மதுஷிகா, "வாங்க ஆன்டி, அடுத்த தடவ பைஜாமா மாதிரி ஏதாச்சும் போட்டுட்டு வாங்க," என்றாள். வருஷம் திரும்பாத வீட்டுக்காரி பைஜாமா போட்டுக்கொண்டு கிளிப்பச்சைப் பாயில் மல்லாந்து படுப்பதா? திரும்பிப் போய்விடத்தான் நினைத்தாள். ஆனால் மாடிப்படி ஏறியதிலேயே இடுப்பு விட்டுப்போயிருந்தது. இறங்கத் தெம்பில்லை. அதனால்தான் அன்று அவள் அங்கே நின்றாள்.

பிலோமினாவிடம் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் நவநாளுக்குப் போவதாகச் சொன்னாள். அவ்வளவு லேசாகப் பொய் வாயில் வந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "போ புள்ள, போ. என் கால் வரமாட்டேங்குது, எனக்கும் சேத்து வேண்டிக்க," என்றாள் பிலோமினா. தெரேசா பைஜாமாவைச் செபப்புத்தகத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு போனாள்.

முதல் வாரங்களில் அவள் செய்ததெல்லாம் மூச்சு விட்டதுதான். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, விலாவை விரித்து மூச்சை இழுக்க வேண்டும். பிறகு உதட்டைக் குவித்து, தொப்புள் முதுகெலும்பில் போய் ஒட்டுகிறதுபோல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, "ஸ்ஸ்ஸ்" என்று வெளியே விட வேண்டும். இதற்கென்ன என்று நினைத்தவள் மறுநாள் இருமினாலும் நோகும் என்கிற நிலைக்கு வந்தாள். தலையைக் கொஞ்சம் தூக்கச் சொன்னால் கழுத்து நடுங்கியது. ஒரு காலைத் தூக்கினால் முழு உடம்பும் ஒரு பக்கம் சரிந்தது.

"அவசரம் வேணாம் ஆன்டி. நூறு தடவ பிழையாச் செய்யிறத விட நாலு தடவ சரியாச் செஞ்சாப் போதும். வீட்டுலயும் காலையில செய்யுங்க. ஒரு நாளும் விடாதீங்க."

இடுப்பை மெல்ல எழுப்பிப் பாலம்போல் நிற்கும் பயிற்சி ஒன்று இருந்தது. இறங்கும்போது முதுகெலும்பை ஒவ்வொரு மணியாகப் பாயில் வைக்கச் சொல்வாள் மதுஷிகா. தெரேசாவுக்குச் செபமாலைதான் ஞாபகம் வந்தது. அப்படி நினைத்ததே பாவம்போல் பட்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

ஒருநாள் நளீம் நானாவின் மனைவி பௌசியா, முழங்காலைக் கட்டிக்கொண்டு பந்துபோல் பின்னுக்கு உருளும் பயிற்சியில், உருண்டவள் உருண்டபடியே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள். "அல்லாவே, கீழ எங்கட ஆள் பூமி அதிருதுன்னு ஓடப் போறாரு!" என்றாள் அங்கே கிடந்தபடியே. எல்லாரும் சிரித்தார்கள். தெரேசாவும் சிரித்தாள். வாய்விட்டு, கண்ணில் தண்ணீர் வர. பிறகுதான் வாயைப் பொத்தினாள். சிறில் போனபிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. பஸ்ஸில் வீடு திரும்பும்வரை யாராவது அதைக் கேட்டிருப்பார்களோ என்று முகம் எரிந்தது.

வீட்டில் விடியற்காலையில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தாள். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தபோது வாசற்படியில் மூடி வைத்த தேத்தண்ணீர்க் கோப்பை இருந்தது. அடுத்த நாளும் இருந்தது. பிலோமினா ஒன்றும் கேட்கவில்லை. மேசையடியில் உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டே ஒருநாள் மெதுவாகச் சொன்னாள்.

"அழுவ வந்தா அழுது தீத்துரணும் புள்ள. ஸ்ஸு ஸ்ஸுன்னு அடக்கி அடக்கி அழுவுறது நெஞ்சுக்குக் கூடாது. எனக்குக் கேக்குதுதான்."

தெரேசா கோப்பையைக் கையில் எடுத்தாள். அந்த நேரமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். தேத்தண்ணீரைக் குடித்தாள், இஞ்சி போட்டிருந்தது.

மாதங்கள் போகப் போக உடம்பு அவளைக் கேட்காமலே மாறியது. நிறைந்த வாளியை ஒரு கையில் தூக்கினாள். கோயில் மேட்டைப் பேசிக்கொண்டே ஏறினாள். படுத்தால் தூக்கம் வந்தது, காலையில் பசி வந்தது. கறுப்புச் சட்டை இடுப்பில் தொளதொளத்தது. தோள் பின்னுக்குப் போய்க் கழுத்து நிமிர்ந்தது. துக்கத்தில் மெலிந்துவிட்டாள் என்று ஊர் சொன்னது. குளியலறைக் கண்ணாடியில் நிமிர்ந்து நிற்கும் அந்தப் பொம்பளையைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. புருசன் மண்ணுக்குள் போன வருஷத்திலா இவளுக்கு இந்தத் தெம்பு? வலி இருந்த காலத்தில் அவள் அவரோடு எவ்வளவு எரிந்து விழுந்திருக்கிறாள்! நல்ல உடம்போடு ஒரு நாள்கூட அவரோடு வாழவில்லையே என்று நினைப்பாள். நினைத்துக்கொண்டே மறுநாள் காலையும் பாயை விரிப்பாள்.

வருஷப் பூசைக்கு முதல் நாள் மாலை வீட்டில் செபமாலை. உக்குவளைச் சொந்தக்காரர்களும் அயலவர்களும் வந்து வீடு நிரம்பியிருந்தது. கதிரைகளை வயசானவர்களுக்குக் கொடுத்துவிட்டுத் தெரேசா யோசிக்காமல் முழங்காலில் நின்றாள். ஐந்து மறையுண்மைகளும் முடிந்து மாதா பிரார்த்தனையும் முடிந்தது. அவள் எதையும் பிடிக்கவில்லை. ஒரு காலை முன்னால் வைத்து, மூச்சை விட்டு, கை ஊன்றாமல் நேரே எழும்பினாள். எழும்பிய பிறகுதான் செய்தது என்னவென்று தெரிந்தது. நான்கு பேர் சேர்ந்து தூக்கியதைப் பார்த்த அதே சனம் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொண்டது.

"அந்தோனியாரே!" என்று பிலோமினா கத்தினாள். "செவ்வாய்க்கெழம தவறாமப் போனாளே, கேட்டுட்டீங்களே!"

பிறகு அழுதுகொண்டே எல்லாருக்கும் சொன்னாள். தெரேசா முழங்காலில் நின்று தானாக எழும்பினால், கோயில் வாசலில் இருந்து பீடம் வரைக்கும் தான் முழங்காலிலேயே வருவதாக நேர்த்தி வைத்திருக்கிறாளாம். நாளைக்கே வருஷப் பூசையில் அதைக் கொடுத்துவிடப் போகிறாளாம்.

"அக்கா, ஒங்க காலு…"

"என் காலக் குடுத்துத்தானே ஒன் முதுக வாங்கினேன்? நீ பேசாம இரு."

அன்று இரவு சமையலுக்கு வெங்காயம் உரித்தவர்கள் நடுவில் அந்தக் கதைதான் ஓடியது. சிறிலின் ஆத்துமாவே பரிந்து பேசியிருக்கும் என்றார்கள். தெரேசா இரண்டு தரம் பிலோமினாவைத் தனியே கூப்பிட்டாள். இரண்டு தரமும் யாராவது வந்து அவளைக் கட்டிப்பிடித்தார்கள்.

காலையில் கோயில் வாசலில் பிலோமினா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேலையைச் சற்றே தூக்கிச் செருகினாள். கணுக்கால் நரம்புகள் நீலமாகப் புடைத்திருந்தன. சனம் வழிவிட்டு நின்றது. தெரேசா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அக்கா, வேணாம். செவ்வாய்க்கெழம நான் கோயிலுக்குப் போகல."

"என்னா சொல்ற?"

"டவுன்ல ஒரு எக்சசைஸ் வகுப்புக்குப் போனேன். மாடியில. படுத்துக்கிட்டுச் செய்யிறது. அதுலதான் இடுப்பு நல்லாகினது. அந்தோனியார் ஒன்னும் செய்யல."

பிலோமினா அவள் முகத்தையே பார்த்தாள். "அப்ப காலையில அழுதது?"

"அழல. மூச்சு விட்டேன்."

"நான் டீ வச்சேனே."

"ஓமக்கா."

பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். இனி மாத்தளை முழுக்கப் போய்விடும். அது அந்த நேரம் தெரேசாவுக்குப் பெரிதாகப் படவில்லை. பிலோமினாவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

"கைய விடு," என்றாள் பிலோமினா. "நான் வாக்குக் குடுத்தது அவர்கிட்ட. நீ எழும்பினா வாறேன்னுதான் சொன்னேன். எப்புடி எழும்பினன்னு நான் கேக்கல."

அவள் முழங்காலில் இறங்கினாள். சீமெந்துத் தரையில் ஒவ்வொரு முழங்காலாக இழுத்து வைத்துப் போனாள். தெரேசா பக்கத்தில் நடந்தாள். சனம் உட்காரும் வாங்குகளில் பாதியைத் தாண்டியதும் பிலோமினா நின்றாள். முன்னும் போகவில்லை, எழும்பவும் முடியவில்லை. நெற்றி வேர்த்து, கை காற்றில் எதையோ தேடியது. முன்வரிசையில் இரண்டு ஆண்கள் எழும்பினார்கள். அவர்கள் வருமுன் தெரேசா குனிந்தாள். காலை அகட்டி, வயிற்றை உள்ளே இழுத்து, நாத்தனாரின் அக்குளுக்குள் கை கொடுத்து, நீளமாக மூச்சை விட்டபடி அந்தப் பாரத்தை முழுதாகத் தூக்கி நிறுத்தினாள்.

"மூச்ச மெல்ல விடு," என்று பிலோமினா அவள் காதுக்குள் சொன்னாள். "சனம் நீ அழுவுறன்னு நெனைக்கும்."

மிச்சத் தூரத்தை இருவரும் கைகோத்து நடந்தே போனார்கள்.

விருந்துச் சாப்பாடு முடியும்வரை பிலோமினா அவளோடு வேறு பேசவில்லை. கேட்டவர்களிடம், "அது அவளுக்கும் அந்தோனியாருக்கும் உள்ள பேச்சு," என்று மட்டும் சொன்னாள். மறுநாள் பையைக் கட்டினாள், மாதா சுரூபத்தைத் துவாயில் சுற்றினாள். ஆட்டோ வந்து நின்றபோதுதான் திரும்பினாள்.

"ஒனக்கு நல்லாகினது எனக்குச் சந்தோசந்தான் புள்ள. பொய்யா சொல்றேன்? ஆனா, அவன் இருக்கக்குள்ளயே போயிருக்கலாமே."

அந்த வார்த்தையைத் தெரேசா தனக்குத்தானே எத்தனையோ காலைகளில் சொல்லியிருக்கிறாள். இன்னொருவர் வாயால் கேட்டபோது அது வேறுமாதிரி இருந்தது. ஆட்டோ வளைவில் திரும்பும்வரை நிமிர்ந்துதான் நின்றாள். கூனி நிற்க உடம்புக்கு மறந்துபோயிருந்தது.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் றப்பர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாரும் பார்க்கத்தான் போகிறாள். பார்க்கிறவர்கள் பார்க்கிறார்கள். சிலவேளை அவளுக்குத் தலை தானாகக் குனிகிறது, முதுகு மட்டும் குனிவதில்லை.

கட்டிலில் இன்றும் அவள் சுவர்ப் பக்கமாகத்தான் படுக்கிறாள். சிறில் படுத்த வெளிப்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. இருந்தும் விடியற்காலையில் எழும்பும்போது அதைத் தாண்டி இறங்காமல், கால்மாட்டால் மெல்ல நகர்ந்துதான் இறங்குகிறாள்.