கொட்டிவிடும் மேல்தண்ணீர்

அவருக்குச் சொந்தப் பெயர் இல்லாமலில்லை. ஆனால் ஆய்வுக்கூடத்தில் ‘சுத்தம் சார்’ என்றால்தான் தெரியும். கை கழுவும் தொட்டிக்கே சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிற மனிதர். சுத்தம் சோறு போடும் என்பார்கள். போட்டது, பொய் சொல்லக்கூடாது. சாப்பிடும்போது எதிரே ஓர் ஆளையும் உட்கார வைக்கும் என்று அந்தப் பழமொழி வாக்குக் கொடுக்கவில்லை. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. இன்னொரு நாற்காலி இருந்தது. உட்காராத நாற்காலிக்கு எதற்குத் தினமும் தூசி தட்டுவது என்று யாருக்கோ கொடுத்துவிட்டார்.

பிறந்தது துணிக்கடைக் குடும்பத்தில். அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்வார். அக்கா அண்ணனைப் பார்த்துக்கொள்வாள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசி, யாரும் கேட்காத வீடு. அந்தச் சத்தம் ஆகாது என்று வெளியே வந்து வெகுகாலம் ஆகிறது.

மருத்துவமனையில் அறுவை செய்து எடுக்கும் கல்லீரல் துண்டில் ஒரு சிறு பங்கு இவரிடம் வரும். அதைக் கரைத்து, கல்லீரல் செல்களை மட்டும் பிரித்து, பிளாஸ்டிக் தட்டில் உயிரோடு வைத்திருக்க வேண்டும். ஒரு புது மருந்து கல்லீரலுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று மனிதருக்குக் கொடுக்கும் முன் தட்டில் கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் உடம்புக்குள் இருந்தவரை அல்புமின் என்கிற ரத்தப் புரதத்தை ஓயாமல் செய்து தள்ளிய செல்கள், தட்டுக்கு வந்த சில நாளில் தொழிலையே மறந்துவிடும். சாகாது. போர்டு தொங்கும், விளக்கு எரியும், வியாபாரம் மட்டும் இருக்காது.

“உங்க செல்லெல்லாம் பார்க்க மாப்பிள்ளை மாதிரி இருக்கு சார்,” என்றார் தலைமை விஞ்ஞானி மேடம். “வேலைக்குத்தான் போக மாட்டேங்குது.”

“இன்னும் சுத்தமா எடுக்கணும் மேடம்.”

“இன்னும் சுத்தமா? அதுக்கு மேல அங்க என்ன இருக்கு? பாருங்க, இந்த ஒரு வாட்டிதான். இதுவும் படுத்துக்கிச்சுன்னா அறையைப் பக்கத்துக் குழுவுக்குக் கொடுத்துடுவாங்க. உங்களை எங்கயாவது ஆபீஸ் மேஜையில உட்கார வெச்சிடுவாங்க.”

அவர் தலையாட்டினார். அந்த அறையில் இரண்டு ஜன்னல், ஓர் உயர முக்காலி, உறுமும் ஃபிரிட்ஜ். காலையில் உள்ளே வரும்போது, யாரும் இல்லாவிட்டாலும், ‘வந்துட்டேன்’ என்று வாய்க்குள் சொல்லும் ஒரே இடம். வீட்டில் அதுவும் சொல்வதில்லை.

பிரிக்கும் வித்தை எளிது. கரைத்த கலவையைக் குழாயில் ஊற்றி மெதுவாகச் சுழற்றினால் கனத்த கல்லீரல் செல்கள் அடியில் படியும். மற்ற சில்லறைச் செல்கள் மேல்தண்ணீரில் நிற்கும். மேல்தண்ணீரைக் கொட்டு, புதிதாக ஊற்று, மறுபடி சுழற்று. அந்தச் சில்லறையில் நட்சத்திரச் செல் என்று ஒன்று உண்டு. உடம்புக்குள் அது ரத்தக் குழாய்க்கும் கல்லீரல் செல்லுக்கும் நடுவே ஒண்டிக்கொண்டு, நாலு பக்கமும் கை நீட்டி, வைட்டமின் ஏ-வை எண்ணெய்த் துளியாக மடியில் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். ஆனால் கல்லீரலுக்கு ஓயாமல் அடி விழுந்தால் மடியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, தழும்புக் கயிறு முறுக்கி, கல்லீரலையே கட்டையாக்கிவிடும். கெட்ட பெயர் கெட்ட பெயர்தான். சுத்தம் சார் அதை ‘ரவுடி’ என்பார். கொட்டும்போது இரக்கம் பார்க்க மாட்டார்.

கடைசி வாய்ப்புக்கான துண்டு வந்த மத்தியானம், வழக்கம்போல அக்கா போனில் அழைத்தாள். வழக்கமாக “வேலையா இருக்கேன், வெச்சிடவா?” என்று முடித்துவிடுவார். அன்று வாசலில் போன ஆய்வுக்கூடப் பையன் ஒருவன் உதவி செய்வதாக நினைத்து, உள்ளே வந்து ஸ்பீக்கரை அழுத்திவிட்டுப் போய்விட்டான். கையுறை போட்ட கையால் போனைத் தொட்டால் தீட்டு.

“கேளுடா கூத்தை,” என்றாள் அக்கா. “நேத்து ஒருத்தன் போர்வை வாங்க வந்தான். அஞ்சு தடவை கோவிச்சுக்கிட்டுப் படியிறங்கிட்டு, ஆறாவது தடவை வாங்கினான். போறப்ப குடையை விட்டுட்டான். கடைப்பையன் அதை எடுத்து விக்கிற குடையோட சொருகிட்டான்.”

“ம்.” குழாய் சுழன்றது. கொட்டினார்.

“இன்னிக்குக் காலையில வந்தான்டா. அதே குடையை எடுத்து விரிச்சுப் பார்த்தான். ‘கைப்பிடி கீறியிருக்கு, பழைய சரக்கைத் தலையில கட்டறீங்களா’ன்னு சண்டை. பாதி விலைக்குப் பேசி, தன் குடையையே காசு கொடுத்து வாங்கிட்டுப் போறான்!”

அவர் குழாயைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

“அண்ணனுக்கு அப்புறந்தான் விளங்கிச்சு. காசைத் திருப்பிக் கொடுக்கலாம்னு பின்னாடியே ஓடுறாரு. அவனோ, பேரம் கட்டுப்படி ஆகலைன்னு குடையைப் பிடுங்க வர்றாருன்னு நினைச்சு, எடுத்தான் ஓட்டம்!”

சுத்தம் சார் சிரித்துவிட்டார். அந்த அறைக்கு அது புதுச் சத்தம். சிரிப்பு அடங்கியபோது, குழாயில் இருந்ததைத் தட்டில் ஊற்றி முடித்திருந்தார். எத்தனை முறை கழுவினோம் என்று யோசித்தார். நினைவில்லை. குறைச்சல்தான். அது மட்டும் நிச்சயம். கொட்ட வேண்டிய சில்லறையெல்லாம் தட்டுக்குள் குடியேறிவிட்டது. துண்டு அவ்வளவுதான், வேறு இல்லை.

“போச்சு,” என்றார்.

“அவன் எங்க போனான்னா கேக்கற?” என்றாள் அக்கா.

போகவில்லை. வழக்கமாகச் செல்கள் கடை சாத்துகிற நாளிலும் தட்டில் அல்புமின் வந்தது. அடுத்த நாளும் வந்தது. மேடத்துக்குத் தெரியாமல் தட்டைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்துக் குனிந்தார். கல்லீரல் செல்களின் நடுவே நீலப்பச்சையாகச் சில பொட்டுகள் மின்னின; பார்க்கப் பார்க்க அணைந்தன. வைட்டமின் ஏ-தான் இப்படி மின்னிச் சட்டென்று அணையும். மடியில் கட்டியபடி ரவுடிகள் உட்கார்ந்திருந்தார்கள். இத்தனை காலம் தொழில் நடத்திய கூட்டாளியை அல்லவா சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தோம் என்று முக்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

கூடவே இன்னொன்றும் பார்த்தார். வாரம் திரும்புவதற்குள், விளக்கில் வைத்தாலும் மின்னும் பொட்டுகள் குறைந்தன. ரவுடிச் செல்கள் நீண்டு தழும்பு முறுக்கத் தொடங்கின. பிளாஸ்டிக் கட்டாந்தரை. அதில் படுக்கப் போட்டால் எவன்தான் ரவுடியாக மாட்டான்? அடுத்த முறை மெத்தென்ற கூழ் விரித்துத்தான் போட வேண்டும்.

“மறுபடி செஞ்சு காட்டுங்க,” என்றார் மேடம். “அப்பத்தான் அறை நிக்கும். எத்தனை தடவை கழுவினீங்க?”

அங்கேதான் இடித்தது. அடுத்த துண்டும் ஒரு தடவைக்குத்தான் காணும். வகைவகையாகச் செய்து பார்க்க வழியில்லை. கழுவலின் கணக்கு நினைவில்லை. கதை மட்டும் நினைவிருந்தது. கதையின் எந்த இடத்தில் கை நின்றது என்பதும்.

துண்டு வந்ததும் அவரே அழைத்தார்.

“அக்கா, நான்தான்.”

“டேய்! என்னடா ஆச்சு? உடம்புக்கு என்ன?” அவராக அழைத்ததே இல்லை, அவளுக்கு வேறெதுவும் தோன்றவில்லை.

“ஒண்ணுமில்ல. அந்தக் குடைக் கதையை மறுபடி சொல்லு. அன்னிக்குச் சொன்ன அதே வேகத்துல.”

“எதுக்குடா?”

“வேலைக்கு வேணும்.”

“குடைக்கும் உன் வேலைக்கும் என்ன...” என்று இழுத்தவள், கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் தொடங்கிவிட்டாள். குழாய் சுழன்றது. இந்த முறை கதையில் போர்வைக்காரன் மனைவி வந்தாள், மாமியாரும் வந்தாள்.

“இது அன்னிக்கு இல்லையே.”

“இருந்துச்சு. நீ கேக்கலை.”

பாதி விலைக்குக் குடை கைமாறியது. அவர் கொட்டுவதை நிறுத்தினார். கணக்குப் பார்த்தார்: இரண்டே கழுவல்.

மெத்தை விரித்த தட்டில் செல்கள் வாரம் தாண்டி வேலை செய்தன. பொட்டுகளும் குறையவில்லை. அறை நின்றது. மேடம் கைகுலுக்கினார்; செய்முறையில் ‘இரண்டு கழுவல்’ என்று அச்சடித்துச் சுவரில் ஒட்டினார்கள். இனி கதை தேவையில்லை.

அடுத்த துண்டு வந்த மத்தியானம், அக்காவின் அழைப்பு வரவில்லை. அவர் கையுறையைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டார்.

“என்னடா, மறுபடி குடையா?”

“இல்ல. வேற ஏதாவது.”

“கடையில கூட்டம் நெரியுதுடா. சாயங்காலம் பேசறேனே, வெச்சிடவா?”

“சரிக்கா.”

இத்தனை காலம் தான் சொன்ன சொல் மறுமுனையிலிருந்து கேட்க எப்படியிருக்கும் என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. புதுக் கையுறை போட்டுக்கொண்டார். இரண்டு முறை கழுவி, மிச்ச மேல்தண்ணீரைக் கொட்டாமல் விட்டுவைத்து, தட்டில் ஊற்றி, இன்குபேட்டர் கதவைச் சாத்தினார். பிறகு முக்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வெயில் எப்போது சாயும் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்.